நீளமான கதை இருக்கிறதா?

திருவண்ணாமலையின் பெருங்கோயில் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. மலையைச் சுற்றிச் செல்லும் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் வலப்பாதையில் நடந்து மேற்குப் புறம் வந்தால் அடி அண்ணாமலை என்னும் சிற்றூரை அடையலாம். மலையின் அடியில் இருப்பதால் 'அடி' என்பார் சிலர். இங்குள்ள கோயிலே முந்தியது என்று நம்பி 'ஆதி' என்பார் வேறு சிலர். முழுநிலா இரவுகளில் இலட்சக்கணக்கான கால்கள் இவ்வூரைக் கடந்து செல்கின்றன. மறுநாள் காலையில் ஊர் மீண்டும் தன் ஆடுமாடுகளோடும் பள்ளிப் பிள்ளைகளோடும் அமைதியாகிவிடுகிறது.

கோடை விடுமுறை ஒன்றில் அவ்வூரின் மாலைநேரப் படிப்பகத்திற்கு ஒரு தகரப் பெட்டி நிறைய நூல்களைக் கொண்டு சென்றோம். நீதிக்கதைகள், புனிதர் வாழ்க்கை வரலாறுகள், அறிவியல் துணுக்குகள், பாட்டு நூல்கள் என எல்லாம் இருந்தன. பதினாறு பக்கம், இருபத்து நான்கு பக்கம், மிஞ்சினால் முப்பத்திரண்டு பக்கம். ஏழாம் வகுப்பு முடித்திருந்த சிறுமி ஒருத்தி அன்று மாலையே மூன்று நூல்களைப் படித்து முடித்துத் திரும்பக் கொண்டுவந்தாள்.

"இதெல்லாம் உக்காந்த உடனே முடிஞ்சிடுது சார். நீளமான கதை ஏதாவது இருக்கா?"

பெட்டியைக் கிளறினோம். இல்லை. எத்தனையோ ஆண்டுகளாக நூல்களைத் தேர்ந்து, வாங்கி, வழங்கி வருகிறோம் என்று எண்ணியிருந்த நமக்கு அச்சிறுமியின் கேள்வி உறுத்தியது. அவள் வயதினருக்கான புதினம் நம் பெட்டியில் ஏன் இல்லை? தமிழிலேயே இல்லையா, அல்லது இருந்தும் நாம் தேடவில்லையா? இக்கேள்விக்கு விடை காண வேண்டுமாயின் சற்றுப் பின்னோக்கி நடக்க வேண்டும்.

இடைப்பருவமும் அதன் பசியும்

ஒன்பது வயது முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பருவத்திற்குத் தமிழில் நிலைத்த பெயர் இல்லை. மடியில் அமர்ந்து கதை கேட்கும் வயது கடந்துவிட்டது. பெரியவர்களின் புதினங்களுக்குள் நுழையும் வயது இன்னும் வரவில்லை. எழுத்துக் கூட்டிப் படித்த காலம் போய், எழுத்து கண்ணுக்கே தெரியாமல் கதை மட்டும் தெரியத் தொடங்கும் காலம் இது. அப்போது நல்ல நூல்கள் கையில் கிடைத்த பிள்ளை வாழ்நாள் முழுதும் படிக்கும். கிடைக்காத பிள்ளை பாடநூலோடு நிறுத்திக்கொள்ளும். இப்பருவம் நான்கைந்து ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது.

சிறுகதை போதாதா என்று கேட்கலாம். சிறுகதை ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி முடித்துவிடும். புதினமோ ஒருவரோடு பல நாள் உடன் நடக்கச் செய்யும். நேற்று விட்ட இடத்தில் அவர் என்ன ஆனாரோ என்ற கவலையோடு பள்ளிக்குச் சென்று, அதே கவலையோடு திரும்பிவரும் பிள்ளை, தனக்கு எவ்வகையிலும் உறவில்லாத ஓர் உயிருக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொள்கிறது. பிறர்மீது அன்பு கொள்ள வேண்டும் என்று எத்தனை முறை சொன்னாலும் இப்பயிற்சிக்கு அது ஈடாகாது.

பிள்ளைகளுக்கு ஒரு புதினத்தைப் பரிந்துரைக்கும் வழக்கத்திற்கு ஐரோப்பாவில் புகழ்பெற்ற முன்னோடி உண்டு. 1762-ஆம் ஆண்டு பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரூசோ தம் 'எமீல்' என்னும் நூலில், தாம் வளர்க்கும் கற்பனைச் சிறுவனுக்கு முதலில் ஒரே ஒரு நூல் போதும் என்றார். அது 1719-இல் டானியல் டீஃபோ எழுதிய 'இராபின்சன் குரூசோ'. நூல்களை அவ்வளவாக நம்பாத அவரே விதிவிலக்காக ஒரு புதினத்தைத் தேர்ந்தார். அப்புதினம் சிறுவருக்காக எழுதப்பட்டதன்று என்பதை இங்கே கருத வேண்டும். பெரியவர் மேசையிலிருந்துதான் பிள்ளைகள் தம் முதற் புதினத்தை எடுத்துக்கொண்டனர். தமிழிலும் அவ்வாறே நிகழ்ந்தது.

பெரியவர் மேசையிலிருந்து

வீரமாமுனிவர் (1680–1747) 'பரமார்த்த குருவின் கதை'யை எழுதியது சிறுவருக்காக அன்று. பேச்சுத் தமிழைக் கற்க விரும்பிய அயல்நாட்டுக் குருக்களுக்கு அது ஒரு பயிற்சி நூலாயிற்று. பெஞ்சமின் பாபிங்டன் 1822-இல் இலண்டனில் அதை ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிட்டார். ஆயினும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களும் யாருக்குச் சொந்தமானார்கள்? ஆறு விழித்திருக்கிறதா உறங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதித்தவர்களையும், தம்மை விட்டுவிட்டு எண்ணி ஒருவன் குறைகிறான் என்று அழுதவர்களையும் தமிழ்ப் பிள்ளைகள் தமக்கே உரியவர்களாக்கிக்கொண்டனர். 'தேம்பாவணி' பாடிய பெரும்புலவரைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நெருக்கமாக்கியது இந்த வேடிக்கை நூலே எனலாம்.

19-ஆம் நூற்றாண்டில் அச்சு பரவியபோது பிள்ளைகளுக்கென நூல்கள் வரத் தொடங்கின. தாண்டவராய முதலியாரின் 'பஞ்சதந்திரக் கதை' 1826-இல் வெளிவந்தது. 1840-இல் நாகர்கோவிலிலிருந்து 'பாலதீபிகை' என்ற சிறுவர் இதழைக் கிறித்தவ ஊழியர்கள் வெளியிட்டனர். இம்முயற்சிகளைப் போற்றுகிறோம். ஆனால் இவற்றின் நோக்கம் பெரும்பாலும் போதனையே. பிள்ளை என்றால் திருத்தப்பட வேண்டியவர் என்ற எண்ணம் அன்றே வேரூன்றியது.

1879-இல் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது. தமிழின் முதற் புதினம் ஒரு கத்தோலிக்கரின் கையிலிருந்து பிறந்தது என்பதில் நமக்குப் பெருமை உண்டு. தமிழில் உரைநடைக் கதைகள் இல்லாத குறையைத் தீர்க்கவே இதை எழுதியதாக அவர் முன்னுரையில் கூறுகிறார். ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு ஒரு நாட்டை ஆளும் பகுதியைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் படித்துக் காட்டினால் இன்றும் கண்கள் விரியும். ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. முன்சீப் வேதநாயகர் கதையின் நடுவே அடிக்கடி நிறுத்தி அறிவுரை சொல்கிறார். முதற் புதினத்திலேயே தோன்றிய இவ்வழக்கம் பிற்காலத்துச் சிறுவர் நூல்களில் நோய்போல் பெருகிற்று. கதையின் கடைசியில் 'நீதி' என்று தனிவரி எழுதாவிட்டால் நூல் முழுமை பெறாது என்றே பலர் எண்ணினர். அந்தப் பலருள் நாமும் உண்டு.

இதழ்கள் வளர்த்த புதினம்

பிள்ளைகளுக்கென்றே எழுதிய தமிழ்ப் புதினம் செழித்தது 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். அதை வளர்த்தவை புத்தகக் கடைகளல்ல, இதழ்கள். 1947-இல் 'அம்புலிமாமா' வந்தது. அடுத்து 'கண்ணன்' வந்தது. அதன் ஆசிரியர் ஆர்வி சிறுவருக்காகத் தொடர்கதைகள் எழுதினார். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது, வீட்டில் இதழை முதலில் யார் படிப்பது என்ற போட்டியில் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டனர். வாரந்தோறும் காத்திருந்து படித்து, பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து பரணில் வைத்த குடும்பங்கள் எத்தனையோ.

இக்காலத்தில் சிலர் இப்பருவத்தினரை மெய்யாகவே மதித்தனர். வங்கி ஊழியரான அழ. வள்ளியப்பா (1922–1989) 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தோற்றுவித்தார். பாடல்களால் புகழ்பெற்ற அவர் 'நீலா மாலா' போன்ற நெடுங்கதைகளும் எழுதினார். வாண்டுமாமா (1925–2014) மர்மக் கோட்டைகளையும் மந்திரக் கனவுகளையும் எழுதி இரண்டு தலைமுறையினரின் உறக்கத்தைக் கெடுத்தார். கல்வி கோபாலகிருஷ்ணன் 'பண்டை உலகில் பறக்கும் பாப்பா' போன்ற நூல்களில் அறிவியலைக் கதையாக்கினார்.

இவர்களுள் நம்மை மிகவும் வியக்க வைப்பவர் பெரியசாமித் தூரன் (1908–1987). தமிழின் முதற் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகவும், பின்னர்க் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகவும் பதிப்பித்தவர் அவர். அத்தனை பெரும்பணிக்கிடையே 'கொல்லிமலைக் குள்ளன்', 'மாயக்கள்ளன்', 'சூரப்புலி' முதலிய சிறுவர் புதினங்களையும் எழுதினார். தங்கமணி, சுந்தரம், கண்ணகி என்ற பிள்ளைகளையும் ஜின்கா என்ற குரங்கையும் படைத்தார். கலைக்களஞ்சியத்தின் பதிப்பாசிரியர் ஒரு குரங்கின் சேட்டையை எழுத உட்கார்ந்தார் என்றால், அதைக் குறைந்த பணியாக அவர் கருதவில்லை என்பதே பொருள்.

இதழ்களை நம்பி வளர்ந்த இலக்கியம் இதழ்களோடு தளர்ந்தது. தொலைக்காட்சி வந்தது, சிறுவர் இதழ்கள் ஒவ்வொன்றாக மறைந்தன, 'அம்புலிமாமா'வும் நின்றுபோயிற்று. தொடராக வந்தவற்றுள் நூலானவை சில, மறுபதிப்புக் கண்டவை அதனினும் சில. பரணில் இருந்த பைண்டுகளைப் பழைய தாள்காரர் எடைக்கு எடுத்துச் சென்றார். இந்த இடைவெளியில் மெலிந்த நூல்கள் பெருகின. மெலிந்த நூல் விலை மலிவு. படம் போட்டு அச்சிடலாம். ஆண்டு விழாவில் நூறு பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுக்கலாம்.

நூலைப் பிள்ளையின் கையில் சேர்ப்பதில் தமிழகத்திற்குக் குறிப்பிடத்தக்க மரபு உண்டு. 1931-இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். 1948-இல் விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. வண்டி இருந்தது, சட்டமும் இருந்தது. வண்டியில் எதை ஏற்றுவது என்பதில்தான் நாம் போதிய கவனம் செலுத்தவில்லை.

மீண்டும் தளிர்க்கும் கிளை

சாகித்திய அகாதெமி 2010-இல் பால சாகித்திய விருதை வழங்கத் தொடங்கியது. தமிழுக்கான முதல் விருதே ஒரு புதினத்திற்குக் கிடைத்தது. அது மா. கமலவேலனின் 'அந்தோணியின் ஆட்டுக்குட்டி'. ஆனால் அதன்பின் ஒன்பது ஆண்டுகள் ஒரு புதினமும் அவ்விருதைப் பெறவில்லை. பாடல்களும் சிறுகதைகளும் வாழ்நாள் பணிகளுமே பெற்றன. 2021-இல் விருது பெற்ற மு. முருகேஷ் திருவண்ணாமலை மாவட்டத்து வந்தவாசியில் வாழ்பவர். அவருக்குப் பெருமை தேடித் தந்ததும் சிறுகதைத் தொகுப்பே. 2020-இல் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', 2023-இல் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', 2025-இல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' ஆகிய புதினங்கள் விருது பெற்றன. 2025 வரையிலான பதினாறு விருதுகளில் புதினங்கள் நான்கு. அவற்றுள் மூன்று கடைசி ஆறு ஆண்டுகளில் வந்தவை. கிளை மீண்டும் தளிர்க்கிறது என்பதற்கு இது சான்று.

'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' பற்றித் தனியே ஒரு சொல். சிறுமி ஒருத்திக்குப் பெரியவர் ஒருவரால் நேரும் தொல்லையையும், பேசும் மரப்பாச்சி ஒன்றின் துணையால் அவள் வாய் திறப்பதையும் இந்நூல் பேசுகிறது. இத்தகைய நூலைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாமா என்று நம்மிடையே தயங்குவோர் உண்டு. அந்தத் தயக்கத்தின் மறைவில்தான் தீமை நிகழ்கிறது என்பதைத் திருச்சபையும் பள்ளிகளும் குடும்பங்களும் வேதனையோடு கற்றிருக்கின்றன. பிள்ளைக்குச் சொல் கிடைத்தால்தான் பிள்ளை சொல்லும். இந்நூலை நாம் தயங்காமல் பரிந்துரைக்கிறோம்; பெற்றோர் முதலில் படித்துவிட்டுக் கொடுப்பது நலம்.

பெட்டியில் வைக்கத் தகுந்தவை

இவ்வரலாற்றை அறிந்தபின் நம் பெட்டியை மீண்டும் அடுக்கினோம். ஒன்பது, பத்து வயதினருக்கு முதல் நெடுங்கதையாகத் தூரனின் 'சூரப்புலி'. அது ஒரு நாயின் கதை. விலங்கின் மீதுள்ள பரிவு பிள்ளையை நூறு பக்கம் இழுத்துச் செல்லும். அடுத்து 'கொல்லிமலைக் குள்ளன்'. தூரனின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டுள்ளதால் இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். அச்சுப் படி கிடைக்காத ஊர்களுக்கு இது பெரும் உதவி. வாண்டுமாமாவின் நூல் எது கிடைத்தாலும் ஒன்று.

பதினொன்று, பன்னிரண்டு வயதினருக்குக் கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்'. பறவைகளையும் முட்டைகளையும் தேடிக் கரிசல் காட்டில் அலையும் வெங்கடேசுவை நம் கிராமத்துப் பிள்ளைகள் உடனே இனம் கண்டுகொள்வர். 'ஆதனின் பொம்மை' கீழடி மண்ணுக்குள் கிடந்த பழந்தமிழ் வாழ்வை ஒரு சிறுவனின் நட்பாக மாற்றிக் காட்டுகிறது.

மொழிபெயர்ப்புகளில் இரண்டு. ஜப்பானின் தெத்சுகோ குரோயாநாகி 1981-இல் எழுதிய 'டோட்டோ சான்' நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகத் தமிழில் கிடைக்கிறது. இது கதைபோல் விரியும் வாழ்க்கை நினைவு. ஒரு பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்ட சிறுமியை இன்னொரு பள்ளியின் தலைமையாசிரியர் நான்கு மணி நேரம் பேசவிட்டுக் கேட்கிறார். அப்பள்ளியின் வகுப்பறைகள் பழைய இரயில் பெட்டிகள். மற்றொன்று கிர்கீசிய எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்'. குளிர்ந்த ஓடையைக் கடக்கப் பிள்ளைகளைச் சுமந்து செல்லும் துய்ஷேன் தாமே அதிகம் படித்தவரல்லர். ஒரு காலத்தில் மாஸ்கோவிலிருந்து மலிவு விலையில் வந்த சோவியத் தமிழ் நூல்களின் வரவு 1991-க்குப் பின் நின்றது. இந்நூலைத் தமிழ்ப் பதிப்பாளர்கள் மறுபதிப்பால் காத்தனர். பதின்மூன்றை எட்டியவர்க்குக் கல்கியின் 'பார்த்திபன் கனவு'. அதைத் தாண்டிவிட்டால் 'பொன்னியின் செல்வ'னுக்கு வழி தானே திறக்கும்.

இவற்றைக் கொடுக்கும் முறையிலும் நமக்குச் சில பாடங்கள் கிடைத்தன. நாம் படிக்காத நூலைக் கொடுக்கலாகாது. முதல் இயலை உரக்கப் படித்து, சுவையான இடத்தில் நிறுத்திவிட்டு, நூலை அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு படிகள் வாங்க வேண்டும். ஒரே கதையைப் படித்த இரு பிள்ளைகள் அதைப் பற்றிப் பேசாமல் இரார். கடைசியாக, படித்து முடித்த பிள்ளையிடம் 'இதிலிருந்து என்ன கற்றாய்?' என்று கேட்கவே கூடாது. 'குரங்குக்கு என்ன ஆயிற்று?' என்று கேட்கலாம்.

நம் பங்குகளில் புதுநன்மை நாளிலும், மறைக்கல்வித் தேர்வுப் பரிசளிப்பிலும், பிறந்தநாள்களிலும் எத்தனையோ பரிசுகள் கொடுக்கிறோம். பிளாஸ்டிக் டப்பாக்களும் சுவர்க் கடிகாரங்களும் வாங்கும் பணத்தில் ஒரு புதினம் வாங்கலாம். புனிதர் வரலாறுகளை நிறுத்தச் சொல்லவில்லை. இலொயோலா இஞ்ஞாசியாரும் காயமுற்றுப் படுத்திருந்தபோது முதலில் கேட்டது வீரக் கதைகளையே. அவை அந்த வீட்டில் கிடைக்காததால்தான் கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறும் அவர் கைக்கு வந்தன. கதைப் பசி உள்ளவரே படித்தார் என்பது நாம் நினைவில் கொள்ளத் தக்கது.

புதிதாக அடுக்கிய பெட்டியோடு மீண்டும் அடி அண்ணாமலைக்குச் சென்றபோது பள்ளிகள் திறந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. நீளமான கதை கேட்ட சிறுமி அங்கே இல்லை. எட்டாம் வகுப்பிற்கு வெளியூர் விடுதியில் சேர்த்துவிட்டார்களாம். எத்தனையோ ஆண்டுகள் தாமதித்த நாம் அவளிடம் சில வாரங்களால் தோற்றோம்.

அவளுடைய தம்பி வந்திருந்தான். நான்காம் வகுப்பு. 'சூரப்புலி'யை எடுத்துப் புரட்டி, பக்கங்களின் தடிமனை விரலால் அளந்து பார்த்தான். "காலாண்டு லீவுக்கு அக்கா வரும் சார். அதுவரைக்கும் இது எங்கிட்டயே இருக்கட்டுமா?" என்றான்.

பதிவேட்டில் அவன் பெயரை எழுதினோம். திருப்பித் தர வேண்டிய நாள் என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்டோம்.